கை தூக்கினால் நிறுத்தும் டாக்டர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். தூறலில் பாளையங்கோட்டை பஸ்ஸில் போனேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் ஆற்று வெள்ளத்தில் சிக்கித் தப்பியவளாம். அன்றிலிருந்து பாலம் என்றாலே நடுக்கமாம், அதற்கு வைத்தியம் பார்க்கிறாளாம்.

"டாக்டரம்மா விரல அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டுவாங்க மதினி. வெள்ளத்த நெனச்சுக்கிட்டே நான் விரலயே பாக்கணும்."

"ஏட்டி, அதுக்கு இந்த பஸ் வைப்பரப் பாத்தா போதாதா?"

"வைப்பர் நான் சொன்னா நிக்குமா? மொத பாத்த ரெண்டு டாக்டரும் நான் அழுதாலும் விடாம வெள்ளத்தப் பத்தியே கேட்டாங்க. இவங்க, கையத் தூக்குனா உடனே நிறுத்திருவாங்க. அதான் இவங்களயே பிடிச்சுக்கிட்டேன்."

பாலம் வந்தது. அவள் கையைத் தூக்கினாள்.

"டிரைவர் அண்ணாச்சி, நிறுத்துங்க!" என்று மதினி கத்தினாள்.

"சும்மா இருங்க மதினி, ஆத்தப் பாக்கணும்" என்று அவள் ஜன்னல் ஷட்டரை மேலே தள்ளினாள். சாரல் முழுக்க மதினி முகத்தில்.

அந்த வைத்தியத்தின் பெயரையும் சொன்னாள், மறந்துவிட்டேன். தெரிந்தவர்கள் சரிபார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.