கிறிஸ்துமஸ் மானுக்கு வெயில்

"கிறிஸ்துமஸ் மானை வெயில்ல விட்டுட்டேன் கண்ணு. அப்படியே படுத்துக்கிச்சு."

பல்லடத்தில் பஸ் ஏறி, எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்த இரண்டு பெண்களில் மூத்தவர் சொன்னார். வெளிநாட்டுக்குக் குழந்தைகள் துணி தைத்து அனுப்பும் கம்பெனியில் இருவருக்கும் செக்கிங் வேலை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"எந்த மானுங்க்கா?"

"மக கம்ப்யூட்டர்ல வெளையாடற கேமு. மிருகக்காட்சி சாலை கட்டோணும். ஐரோப்பாவுக்குன்னு காட்டு மிருகம் மூணு, ஊட்டு மிருகம் மூணு எடுக்கச் சொல்லுது. அவ முழிச்சா. நாந்தான் நரி, முள்ளெலி, கிறிஸ்துமஸ் தாத்தா வண்டிய இழுக்கற மானுன்னு எடுத்தேன். ஊட்டுக்குக் கம்பளி ஆடு, வாத்து, குட்டைக்கால் குதிரை."

"அடேங்கப்பா! எப்படீங்க்கா இதெல்லாம் தெரியும்?"

"பதினோரு வருசமா சட்டை பாக்கறேன். அந்த ஊருப் புள்ளைங்க சட்டை நெஞ்சுல படமா வராத மிருகம் ஏது?"

"அப்பறம் ஏனுங்க்கா மான் படுத்துச்சு?"

"கிறிஸ்துமஸ் ஆர்டரு நம்மகிட்ட வைகாசியிலயே வந்துருதே. அது வெயில் மிருகம்னே நெனச்சுட்டேன்."

இளையவர் சிரிக்கவில்லை. "செத்துப்போச்சுங்களா?"

"இல்ல கண்ணு. மக தரையெல்லாம் பனி போட்டுட்டா. மெதுவா எந்திரிச்சு, கொம்ப ஆட்டிக்கிட்டு நடந்துச்சு பாரு!"

"நீங்க பெரிய ஆளுங்க்கா."

அவர்கள் இறங்கும் இடம் வந்தது. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டே மூத்தவர் சொன்னார்:

"எத்தனை ஆயிரம் மானை மடிச்சுப் பொட்டியில வெச்சிருப்பேன். ஒண்ணு நடந்து நேத்துத்தான் பாத்தேன்."