நினோனுக்கு ஒரு மச்சம்

— “நினோன் கண்களை மூடினாள். சன்னலுக்கு வெளியே தண்ணீர்க்காரனின் குரல் தேய்ந்துபோனது.” இத எழுதினது யாருப்பா?

— பெலாஜி! அந்த அச்சு புரூஃப் உன் கைக்கு எப்படி வந்துச்சு?

— உங்க மேசை மேல கெடந்துச்சு. மேலயே போட்டிருக்கே, ‘பரண் வீட்டு நினோன், தொடர்கதை, எழுதுபவர் ஒக்தாவ் பெர்லியே’ன்னு. அது எங்கப்பா பேராச்சே.

— எதுக்கு எந்திரிச்சு நடந்தே? காலைக் கீழ வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? படு. போர்வையை இழுத்துக்கோ.

— பேச்ச மாத்தாதீங்க. நினோன் சாக மாட்டான்னு சத்தியம் பண்ணினீங்க. மாதா மேல.

— பண்ணினேன்.

— பாரிஸ் பூரா அவ பொழைக்கணும்னு லெட்டர் போடுது. லியோன்லேருந்து ஒரு அம்மா அவளுக்குக் காலுறை பின்னி அனுப்பினாங்க. இதோ, நான்தான் போட்டிருக்கேன். அவங்களுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?

— கத்தாதே கண்ணு. இருமல் வந்துரும்.

— வந்தா உங்களுக்கு நல்லதுதானே? நான் இருமறப்பெல்லாம் பென்சிலத் தேடறீங்க. நான் தூங்கறேன்னு நெனப்பு. கண்ணால பாக்காத ஒரு வரிகூட எழுத மாட்டேன்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் பெருமை அடிச்சுக்குவீங்களே, அதுக்குத்தான் இங்கயே உக்காந்திருக்கீங்க. போர்வையில நூல் பிரிக்கறது நான். சுட்ட கஷ்கொட்டை கேட்டுட்டு, ஒண்ணே ஒண்ணு தின்னுட்டு, போதும்னு வச்சது நான். எல்லாத்தையும் இதுல நினோன் பண்றா. அம்மா சாகறப்பவும் இப்படித்தான் எழுதினீங்களா?

— ஆமா. எழுதினேன். அந்தப் பாவத்தை நான் மறைக்கல. ஆனா இது அது இல்ல, பெலாஜி. சொன்னா நீ சிரிப்பே.

— சிரிக்கற மாதிரியா இருக்கேன்?

— சாவு நம்ம வாசப்படியில வந்து நிக்குதுன்னு எனக்கு ஒரு பயம். அதுக்கு ஒரு பொண்ணு வேணும். சரி, இந்தா, இவள எடுத்துக்கோன்னு ஒருத்திய எழுதிக் குடுத்துட்டா? அதே ஒன்பது வயசு, அதே இருமல், அதே பிடிவாதம். ஏமாந்து அவளைத் தூக்கிட்டுப் போயிராதா? இவ்வளவு படிச்சவன் புத்தி போற போக்கப் பாரு. எனக்கே வெக்கமாத்தான் இருக்கு.

— அப்ப எனக்குப் பதிலாவா நினோன்?

— உனக்குப் பதிலா.

— இத மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன! பென்சிலக் குடுங்க.

— எதுக்கு?

— இவ என்னை மாதிரியே இல்லப்பா. இடது கன்னத்துல மச்சம் எங்க? சாவு வந்து மூஞ்சியப் பாத்துட்டு, இவ இல்ல, வேற ஒருத்தின்னு திரும்பி இங்க வந்துட்டா?

— கீழ பத்திரிகை ஆபீஸ் ஆள் நிக்கறாரு. மத்தியானத்துக்குள்ள அச்சுக்குப் போகணும்.

— நிக்கட்டும். மச்சம் போட்டாச்சா? அப்புறம், கடைசியில நினோன் சாமியக் கூப்பிடறா. நான் கூப்பிட மாட்டேன். நம்ம பூனையத்தான் கூப்பிடுவேன்.

— பூனை. சரி, மாத்திட்டேன்.

— ஏன் அழறீங்க? நல்லாத்தானே வருது.

— அழல. புகை. இந்த அடுப்புக்கரி சரியில்ல. நேத்துக்கூட டாக்டர் என்ன சொன்னாரு? ரத்தம் வராத வரைக்கும் கவலையே இல்லைன்னாரு. குளிர் போனதும் உன்னைக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறேன்.

— அதனாலதான் நினோனுக்கும் ரத்தம் வரலையா?

— எழுதப் பாத்தேன். கை வரல.

— அப்ப இன்னும் ஒரு திருத்தம் இருக்குப்பா. திட்டக் கூடாது.

— நான் என்னிக்கு உன்னைத் திட்டினேன்? சொல்லு.

— நாலு நாளா வருது. கைக்குட்டையெல்லாம் தலகாணிக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கேன். எடுத்துப் பாத்து, அப்படியே எழுதுங்க.