அணைச்சாச்சு மாப்பிள்ளை

எங்கள் மாப்பிள்ளைக்குக் கைவேலை நன்றாக வரும், ஐயா. கதவு கிறீச்சிட்டால் எண்ணெய் விடுவார். குழாய் ஒழுகினால் ஆளைத் தேடாமல் தானே பிரித்துப் பார்ப்பார். என் மகளைக் கட்டிக்கொண்டு என் வீட்டிலேயே தங்கியவர். அப்படி ஒரு மனிதர் அமைவது அபூர்வம். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

வீடுதான் பழசு. என் அப்பா கட்டியது. சுவரோரம் மரச்சட்டத்துக்குள் ஓடும் அந்தக் காலத்துக் கம்பிகள். மேலே சுற்றிய துணி தொட்டால் உதிரும். இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் கூடத்து விளக்கு மினுக்கும். "அப்பா, லைட்டு உங்களப் பாத்துக் கண்ணடிக்குது" என்று மகள் கிண்டல் செய்வாள்.

என் மனைவி இருந்த காலத்தில், குளியலறைப் பல்பை மாற்றப் போனவளை மின்சாரம் தூக்கி எறிந்தது. முழங்கை வீக்கத்தோடு தப்பித்தாள். அப்போது வந்த எலக்ட்ரீஷியன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சார், இந்த ஸ்விட்ச்ச தப்பான கம்பியில மாட்டியிருக்காங்க. அணைச்சா பல்பு அணையும், ஆனா ஹோல்டர்ல கரண்டு நின்னுக்கிட்டேதான் இருக்கும். மெயின நிறுத்தாம யாரும் கை வெச்சிடாதீங்க. மொத்த வயரிங்கையும் மாத்திடுங்க."

பார்க்கலாம் என்றேன். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். எந்த வீட்டில்தான் இது நடக்கவில்லை? பிறகு மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்றாயிற்று. பல்பு போனால் மெயினை நிறுத்திவிட்டு நானே மாற்றிவிடுவேன்.

இந்த வருடம் மாப்பிள்ளைக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்தது. மகள் பெட்டி கட்ட ஆரம்பித்தாள். "நீங்களும் வந்துடுங்க மாமா" என்று அவர் மனதாரத்தான் கூப்பிட்டார். இந்த வயதில் நான் எங்கே போவது? தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அவள் என் கண்ணெதிரே இருப்பவள். நான் யாரிடமும் கத்தவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை.

அன்று காலை வழக்கம்போல் குளியலறையைக் கழுவிவிட்டேன். ஹோல்டர் விரிசல் விட்டிருந்தது. "கிளம்பறதுக்கு முன்னாடி இத மட்டும் மாத்திக் குடுத்துடுங்களேன் மாப்பிள்ளை" என்றேன்.

"இதுக்கென்ன மாமா" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மர ஸ்டூல் ஆடும் என்பதால் இரும்பு ஸ்டூலை எடுத்துக் கொடுத்தேன். ஏறி நின்று, ஒரு கையால் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஸ்விட்ச் அணைச்சாச்சா மாமா?"

"அணைச்சாச்சு மாப்பிள்ளை."

உண்மைதான், ஐயா. அணைத்துத்தான் இருந்தது.

சத்தம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஸ்டூல் சரிந்தது, அவ்வளவுதான். அவர் கை குழாயை விடவில்லை. சமையலறையிலிருந்து மகள் ஓடிவந்தாள். அவரைத் தொட்டால் அவளுக்கும் ஆபத்தாயிற்றே; இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "மெயினுப்பா, மெயின நிறுத்துங்கப்பா" என்று கதறினாள். மெயின் எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இரண்டு கையும் அவளைப் பிடித்திருந்ததால் நிறுத்தக் கொஞ்சம் தாமதமாயிற்று.

பழைய வீடு, விபத்து என்று எல்லோரும் சொன்னார்கள். மகள் புழங்கும் வீடாயிற்றே என்று உடனே வயரிங் முழுவதையும் மாற்ற ஏற்பாடு செய்தேன். வேலை சுத்தமாக இருக்கும் என்று அதே எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட்டேன். அவர் அந்த ஸ்விட்சைக் கழற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்ககிட்ட அன்னைக்கே சொன்னேனே சார்."

மகள் என் பின்னால் நின்றிருந்தாள்.

"தெரிஞ்சுதான் அணைச்சாச்சுன்னு சொன்னீங்களாப்பா?"

அவளிடம் நான் பொய் சொன்னதே கிடையாது. "ஆமாம்மா" என்றேன். பெட்டியை எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. தெரிந்துதான் செய்தேன். அவர் பிழைக்கமாட்டார் என்பதும் தெரியும். நான் எதையும் மறைக்கவில்லை. சீக்கிரம் என்னை வீட்டுக்கு அனுப்பினால் நல்லது; மகள் கோபம் ஆறி வரும்போது கதவு பூட்டியிருக்கக்கூடாது. என்னை விட்டால் இப்போது அவளுக்கு யார் இருக்கிறார்கள்?