ஊமைப் பெட்டி

— கட்டரைக் கீழ வைங்கண்ணே. அந்த ஒயர்ல கை வைக்காதீங்க.

— கீழ்வீட்டுல உங்க அக்காதான்மா கூப்பிட்டாங்க. ஒயரை அறுத்துட்டு...

— அறுக்க அவ யாரு?

— நல்லா இருக்கு நியாயம். உள்படியில வரலாம்னா கதவு உங்க பக்கம் தாழ்ப்பாள். தெருவைச் சுத்தி வந்திருக்கேன், வந்தவனை வையாதீங்க.

— சண்டை போட்ட அன்னிக்குப் போட்ட தாழ்ப்பாள். ஒரு தையல் மிஷின் யாருக்குன்னு ஆரம்பிச்சது. மூணு வருஷமா அக்கா தங்கச்சி பேச்சுவார்த்தை இல்ல.

— இந்த ஸ்பீக்கர் பெட்டிக்கும் பிளக் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் ஒயர் கீழ்வீட்டுல இருக்கிற இன்னொரு பெட்டிக்கு ஓடுது. செத்த பெட்டிக்கு எதுக்குமா இவ்வளவு காவல்?

— சாயங்காலம் அதுகிட்ட ரெண்டு வார்த்தை பேசுவேன். சிரிக்காதீங்க.

— சிரிக்கல. பேசினா கீழ கேக்குமே.

— கரண்ட் இல்லாமலா? காதுல பூ சுத்தாதீங்கண்ணே.

— பூவும் இல்ல, நாரும் இல்ல. உள்ள ஒரு காந்தம். அதை ஒட்டி செம்புக்கம்பிச் சுருள், முன்னால காகிதம். நீங்க பேசினா காகிதம் அதிரும், சுருள் ஆடும். காந்தத்துக்கிட்ட கம்பி ஆடினா கரண்ட் தானா பிறக்கும். அது ஒயர்ல ஓடி, கீழ இருக்கிற சுருளை ஆட்டும். உங்க குரல்தான்மா கரண்ட்.

— அது எம்மாத்திரம் இருக்கும்?

— துளிதான். காதை ஒட்டி வச்சாத்தான் கேக்கும். நெஞ்சு துடிக்கிறதும் துளி கரண்ட்லதானே? மின்னலுக்கும் அதுக்கும் அளவுதான் வித்தியாசம்.

— அப்போ நான் சொன்னதெல்லாம்...

— என்ன சொன்னீங்க, வசவா?

— முதல் மாசம் வசவு. அப்புறம் தினமும் ஒண்ணேதான். 'டீ போட்டுட்டேன், ரெண்டு டம்ளர் வச்சிருக்கேன், மேல வாக்கா.'

— அத்தனையும் கீழ கேட்டிருக்கும்மா.

— கேட்டும் வரலையே அவ. ஆயிரம் டீ ஆறிப்போச்சு. அறுங்கண்ணே. இப்பவே அறுங்க.

— சொல்லி முடிச்சதும் பெட்டியில காது வச்சுப் பாத்தீங்களா?

— எதுக்கு? பல்லி நுழையுதுன்னு துணியைப் போட்டு மூடிட்டு எழுந்து போயிடுவேன்.

— அடப் பாவமே. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி காந்தம்தான்மா. போற வழியிலதான் வர்றதும்.

— என்ன சொல்றீங்க?

— உங்க அக்கா அறுக்கச் சொன்னது புது ஒயர் போடத்தான். 'அவ பேச்சு எனக்கு வருது, என் பதில்தான் மேல போகலை'ன்னு கண்ணைத் துடைக்கிறாங்க.

— பதிலா? என்ன பதில்?

— மூணு வருஷமா ஒரே பதில்தானாம். 'தெருவைச் சுத்தி வந்து தட்ட நான் விருந்தாளியாடி? அந்தத் தாழ்ப்பாளைத் திற, வரேன்.'