அறுநூறு மூக்கு

இல்ல சார், தலைய ஆட்டாதீங்க. ஆட்டுனா கன்னத்துல கோடு விழுந்துடும், அப்புறம் எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டு மொதல்லேர்ந்து பூசணும். சொன்னேன்ல, ஒரு விரல்னா ஆமா, ரெண்டு விரல்னா இல்ல, கைய முழுசா விரிச்சா மூச்சு முட்டுதுன்னு அர்த்தம். அவ்வளவுதான் பாஷை. பயப்படாதீங்க, பல் டாக்டர் அச்சு எடுப்பாருல்ல, அதே கூழுதான். அவரு பல்லுக்கு எடுக்குறாரு, நான் மூஞ்சிக்கு எடுக்குறேன். இருபது நிமிஷத்துல காஞ்சிடும். மூக்கு ஓட்டை ரெண்டும் திறந்துதான் இருக்கு, குனிஞ்சு பாத்துட்டேன். நல்லா இழுத்து விடுங்க. ஆங், அப்படித்தான்.

ஊர்ல இருக்குற நடிகருக்கெல்லாம் அச்சு எடுத்தாச்சு, உங்களுக்கு எடுக்குறது இதுதான் மொதல் தடவ பாருங்க. இருபது வருஷமா கேமராவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, மூக்கம்மா அந்தக் கிழவன் மூக்கு தொங்குது, மூக்கம்மா இந்தக் கிழவன் மூக்கு பத்தலன்னு கத்துன டைரக்டரு, இன்னிக்கி என் நாற்காலியில சாஞ்சு கெடக்குறீங்க. எனக்கு அந்தப் பேர வச்சதே நீங்கதான். இப்ப என் புள்ளைங்க ஸ்கூல்லயும் அதான் பேரு.

நீங்களே நடிக்கிறீங்களாமே. ஒரு ரூமு, ரெண்டே ஆளு, சின்னப் படம்னு ஆபீஸ்ல சொன்னாங்க. கேட்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம்ங்குறீங்க. ரெண்டு ஆளுன்னா ரெண்டு மூக்கு. கண்ண மூடிக்கிட்டே செஞ்சிடுவேன்.

நேத்து உங்க மச்சான் வந்திருந்தாரு.

ரெண்டு விரலா? அவரு பேச்சே எடுக்கக் கூடாதா? எடுப்பேன் சார். வாய் இப்ப என்கிட்டதான இருக்கு.

இந்தா, இந்த ஸ்டூல்லதான் உக்காந்தாரு. ஆறு படம் உங்களுக்கு எடிட் பண்ணுன மனுஷன், குலுங்கிக் குலுங்கி அழுதாரு. மூக்கச் சிந்த நான்தான் பஞ்சு குடுத்தேன். சினிமா சங்கத்துப் பெரிய விருது கை நழுவுனதுக்கு நான்தான் காரணம்னு மாமா நெனைக்கிறாருக்கா, ஜெயிச்ச அந்த லிஃப்ட் படத்துக்கு நான் ஓட்டுக்கு ஆள் பிடிச்சேன்னு சொல்லி என்னப் புதுப் படத்துலேர்ந்து தூக்கிட்டாருக்கான்னு ஒரே பொலம்பல். மேடமும் உங்ககிட்டப் பேசுறதில்லயாமே. தட்ட வச்சிட்டு அந்தப் பக்கம் போயிடுறாங்களாம். பின்ன, கூடப் பொறந்த தம்பிய விட்டுக்குடுப்பாங்களா? மூணு மாசமா சுவரப் பாத்துத்தான் சாப்பிடுறீங்கன்னு கேள்விப்பட்டேன். ஒரு விரலா? பாவம் சார் நீங்க.

ஆனா அவரு செய்யல. கிழவங்க படத்துல நாப்பது நிமிஷம் வெட்டணும்னு உங்ககிட்ட சண்ட போட்டாரு, வாஸ்தவம். விருந்துல லிஃப்ட் படத்து டைரக்டரக் கட்டிப் பிடிச்சாரு, அதுவும் வாஸ்தவம். கட்டிப் பிடிச்சா ஓட்டு விழுந்துடுமா? ஓட்டு எப்படி எண்ணுறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா மொதல்ல?

ஒரு விரல் காட்டுறீங்க, ஆனா தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னிக்கி விருது விழாவுல கவரப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே எழுந்து நின்னு கோட்டுப் பட்டனப் போட்டிருக்க மாட்டீங்க. லிஃப்ட் படத்துப் பேரப் படிச்சதும், பாத்ரூமுக்குப் போறவரு மாதிரி அப்படியே நடந்தீங்க பாருங்க! அந்தப் பக்கம் பாத்ரூம் இல்ல சார். தொடப்பம் வைக்கிற ரூமு. அதுக்குள்ள பத்து நிமிஷம் இருந்தீங்க. டிவியில கதவயே காட்டிக்கிட்டு இருந்தாங்க.

சரி, மூச்ச விடுங்க. கேளுங்க. நடிகரு, பாட்டு, மேக்கப்பு, இதுக்கெல்லாம் ஆளுக்கு ஒரே டிக்கு. யாருக்கு டிக்கு ஜாஸ்தியோ அவங்களுக்கு விருதுப் பொம்மை. பெரிய விருதுக்கு மட்டும் அப்படி இல்ல. பத்துப் படத்தக் குடுத்து, உனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு, அடுத்தது ரெண்டு, இப்படிப் பத்து வரைக்கும் வரிசையா எழுதுன்னுடுவாங்க.

எனக்கே இது மண்டையில ஏறல. எங்க வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சப்பதான் ஏறுச்சு. எங்க வீட்ல ஒன்பது பேரு, ஆளுக்கொரு சீட்டுல பிடிச்ச கலர இதே மாதிரி வரிசையா எழுதுனோம். எங்க வீட்டுக்காரரு, அவரு தம்பி, ரெண்டு பசங்க, இந்த நாலு பேரும் செக்கச் சிவப்புதான் அடிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. நானும் என் ஓரகத்தியும் க்ரீம் கலர். மாமியாருக்குப் பச்ச. என் பொண்ணுக்குக் கறுப்பு, அவளுக்கு அந்த வயசு. ஓரகத்தியோட சின்னதுக்கு ரோஸு. எண்ணிப் பாருங்க, ஒன்பது. பாதிக்கு மேலன்னா அஞ்சு வேணும். சிவப்புக்கு நாலுதான் இருக்கு. அப்ப என்ன பண்ணணும்? ஒத்த ஓட்டு வாங்குன பச்ச, கறுப்பு, ரோஸு மூணையும் வெளிய அனுப்பிட்டு, அந்த மூணு சீட்டுலயும் ரெண்டாவதா என்ன எழுதியிருக்குன்னு பாக்கணும். பாத்தா மூணுலயும் க்ரீமு! மாமியாருக்குச் சிவப்பு கண்ணக் கூசும். பொண்ணுக்கு அவ அப்பாவுக்குப் பிடிச்சது எதுவும் ஆகாது. சின்னது சிவப்புன்னாலே ரத்தம்னு அழுவுது. ரெண்டும் மூணும் அஞ்சு. முடிஞ்சு போச்சு. வீடு இப்ப க்ரீம் கலர். எங்க வீட்டுக்காரரு இன்னும் சொல்லிக்கிட்டேதான் இருக்காரு, நாங்கதான் மெஜாரிட்டி, நாங்கதான் மெஜாரிட்டின்னு.

நீங்க சிவப்பு சார்.

கோச்சுக்காதீங்க. அறுநூறு கிழவங்க மூணே முக்கா மணி நேரம் மலையேறுற படத்த வேற யாரால எடுக்க முடியும்? பிடிச்சவனுக்கு உசிரு. நம்ம கேமராமேன் நாலு தடவ பாத்துட்டு நாலு தடவயும் அழுதாரு. ஆனா பிடிக்காதவன் பத்தாவது எடத்துலதான் எழுதுவான். அதுலயும் நீங்க என்ன பண்ணுனீங்க? படத்த ஞாபகம் வச்சுக்கணும்னு ஓட்டுப் போடுற ஒவ்வொருத்தருக்கும் அந்த மலைக் கல்லு ஒண்ணு, நாலு கிலோ, பட்டுத் துணியில சுத்தி வீட்டுக்கு அனுப்புனீங்க. செட்டு போடுற பெரியவரு பார்சலப் பிரிச்சாரு, நேரா கால் கட்டவிரல்ல. அவரு உங்களுக்கு எத்தனாவது எடம் போட்டிருப்பாருன்னு நெனைக்கிறீங்க? அவருகிட்ட பதினோராவது எடம் இருந்திருந்தா அதுலதான் போட்டிருப்பாரு.

லிஃப்ட் படம் அப்படியா? ஒரு லிஃப்ட் ரிப்பேர்காரரு, ஒரு பூனை, ஒன்ற மணி நேரம். பாத்துட்டு வெளிய வந்தா பாதி மறந்துடும், ஆனா வீட்டுக்குப் போற வரைக்கும் மனசு லேசா இருக்கும். அத யாரும் தலையில தூக்கி வச்சு ஆடல. யாரும் திட்டவும் இல்ல. பூனையத் திட்ட யாருக்கு சார் மனசு வரும்? பெரிய விருது வாங்குறதுக்கு இதுதான் வழி. பத்துப் பேருக்கு உசிரா இருந்தாப் பத்தாது, நூறு பேருக்குப் பரவால்லயா இருக்கணும்.

ஆனா பாருங்க, ரெண்டாவது எடம் தானா வந்து விழாது. மொத எடத்துல எத எழுதணும்னு எல்லாருக்கும் தெரியும். ரெண்டாவது எடத்துக்கு வந்ததும் பேனாவக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அந்த நேரத்துல, முன்னாடி யாராவது காதுல போட்டு வச்சது ஞாபகத்துக்கு வரும்.

உங்களுக்கு அந்தப் பேட்டி ஞாபகம் இருக்கா? ஓட்டு ஆரம்பிக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னாடி டிவியில குடுத்தீங்களே. இந்தப் படம் பெரிய விருது வாங்குச்சுன்னா உடனே ரெண்டாம் பாகம், ஆயிரத்து இருநூறு கிழவங்க, பனி மலை, ஒருத்தன் மூக்கு மாதிரி இன்னொருத்தன் மூக்கு இருக்கவே கூடாதுன்னு. நான் இங்கதான் நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். பசை டப்பாவ அப்படியே கீழ போட்டுட்டேன்.

அறுநூறு மூக்கு செஞ்சது யாரு சார்? நானும் நாலு பொண்ணுங்களும். தெனம் விடியிறதுக்கு முன்னாடி ஒட்ட ஆரம்பிச்சா, கடைசிக் கிழவனுக்கு ஒட்டி முடிக்கிறப்ப மொதக் கிழவனுக்கு வேர்த்துக் கழண்டிருக்கும். ஒருத்தரு சாப்பாட்டோட சேத்து மூக்க முழுங்கிட்டாரு. எட்டு மாசம். தூக்கத்துல எங்க வீட்டுக்காரரு மூக்கப் புடிச்சு அமுக்கிக்கிட்டே இருப்பேனாம், ஒட்டுச்சா ஒட்டுச்சான்னு கேட்டுக்கிட்டு. அவரு ஹால்ல போய்ப் படுக்க ஆரம்பிச்சாரு. இந்தக் கட்டவிரலு இன்னும் மடங்க மாட்டேங்குது. அதுல ஆயிரத்து இருநூறுன்னா?

முடியாதுன்னு சொல்லியிருக்கலாம், நியாயம்தான். உங்ககிட்ட இருபது வருஷத்துல ஒரு தடவ அந்த வார்த்தையச் சொல்லியிருக்கேனா? நீங்க மூக்கம்மான்னு கூப்பிட்டா வாய் தானா சரி சார்னுடுது. பழகிப் போச்சு.

கண்ண மூடியிருக்கீங்க, உங்களுக்குத் தெரியாது. வலது பக்கம் அலமாரி நெறைய முகம் இருக்கு. அந்தப் பேட்டிக்கு அப்புறம் ஓட்டு முடியிற வரைக்கும் நான் எடுத்த அச்சு, மொத்தம் நாப்பத்தி மூணு. எல்லாருமே சங்கத்துல ஓட்டு உள்ளவங்க. எல்லாரும் இதே நாற்காலியில, இதே கூழு பூசிக்கிட்டு, இதே இருபது நிமிஷம் உக்காந்திருந்தவங்கதான். அவங்கள வச்சுக்கிட்டு நான் சும்மா எப்படி இருப்பேன்? பேசிக்கிட்டுதான் இருப்பேன். மொத ஓட்டு உங்க இஷ்டம்பா, யாருக்கு வேணா போடு, ரெண்டாவது மட்டும் அந்த லிஃப்ட் படத்துக்குப் போடு, பாவம், பூனை நல்லா நடிச்சிருக்குன்னு சொல்லுவேன். எல்லாரும் ஒரு விரல் காட்டுனாங்க. மூஞ்சி பூரா கூழ வச்சுக்கிட்டு எவனாவது இல்லம்பானா?

கூழ உரிச்சதும் அவங்க சும்மா இருந்தாங்களா? நடிகருங்க சார். ஆளுக்குப் பத்துப் பேருகிட்ட அத அவங்க யோசன மாதிரியே சொல்லியிருக்காங்க. ஒரு வாரத்துல என்கிட்டயே ஒருத்தரு வந்து சொல்றாரு, மூக்கம்மா, ரெண்டாவது ஓட்டு பூனைக்குப் போடுங்கன்னு.

ஆமா சார். நான்தான். மச்சான் இல்ல.

என் மொத ஓட்டு உங்களுக்குத்தான் போட்டேன், என் புள்ளைங்க மேல சத்தியம். அந்தக் கடைசிக் கிழவன் உச்சிக்கு வந்து, இறங்குற வழி எதுன்னு கேப்பான் பாருங்க, நானே ஒட்டுன மூக்குன்னு தெரிஞ்சும் அழுதேன். நல்ல படம் சார். செயிக்க வேண்டிய படம். அதான் மூணு மாசமா தொண்டையில சோறு எறங்கல எனக்கு. நீங்க அந்தத் தம்பிய வெரட்டுனத நேத்து அவரு வாயால கேட்டதும் இனிமே பொறுக்க முடியாதுன்னு ஆயிடுச்சு. வாய் திறந்திருக்குற உங்ககிட்ட இதச் சொல்ற தைரியமும் எனக்கு இல்ல. அதான், அச்சு எடுக்கணும் வாங்கன்னு நானே ஃபோன் பண்ணுனேன்.

புருவத்த நெரிக்காதீங்க, அப்படியே அச்சுல விழுந்துடும். சரி, விழுந்தா விழட்டும். கூட இருந்தவங்களே ஏமாத்துன மனுஷன் பாத்திரம்னுதான ஆபீஸ்ல சொன்னாங்க. இதவிட நல்ல மூஞ்சி கெடைக்காது.

என்ன, கைய விரிக்கிறீங்க? மூச்சு முட்டுதா? இருங்க. நல்லாத்தான வருது, புஸ்ஸு புஸ்ஸுன்னு. ஓ, அந்தக் கையில இன்னொரு விரலா? அஞ்சும் ஒண்ணும் ஆறு. ஆறு நிமிஷமா? இல்ல சார், நாலுதான் பாக்கி. அதுவும் இல்லயா? வட்டம் போடுறீங்க. சைபரு. இன்னொரு வட்டம். ஆறு, சைபரு, சைபரு.

ஒரு ரூமு, ரெண்டே ஆளுன்னாங்களே சார்? மாத்திட்டீங்களா? எப்ப? இப்பவா?

ஒரு விரல்.

சரி. செஞ்சதுக்கு அனுபவிச்சுத்தான ஆகணும். மச்சானத் திரும்ப சேத்துக்குறீங்களா, அத மட்டும் சொல்லுங்க எனக்கு. ஒரு விரல்! அப்பாடா. இது போதும் சார் எனக்கு. இன்னிக்கே வீட்ல மேடம் மூஞ்சியப் பாத்துச் சாப்பிடுங்க. அறுநூறு மூக்கு தான, நான் பாத்துக்குறேன், ஒரு தடவ செஞ்ச கைதான இது.

ஏன் ரெண்டு விரல் காட்டுறீங்க? மூக்கு இல்லயா? பின்ன? எதுக்குக் காதத் தொட்டுக் காட்டுறீங்க?

சார். காது ஆளுக்கு ரெண்டு சார்.