மரமில்லாத புள்ளிகள்

இல்ல தம்பி, மரம் வெட்ட இல்ல, அளக்கத்தான் போறேன். நீங்க லாரில ஏத்தப்போற கட்டையெல்லாம் நின்னுட்டிருக்கும்போதே எங்க கம்ப்யூட்டருக்குள்ள வந்துபோயிருக்கும். கண்ணாடிய ஏத்திக்கட்டுமா? சாரல் அடிக்குது.

விமானம் பறந்துகிட்டே லேசர கீழ அடிக்கும். உச்சியில பட்டுக் கொஞ்சம் திரும்பும், கிளையில பட்டுக் கொஞ்சம். தரைவரைக்கும் பூந்து திரும்புறது ரொம்பக் கொஞ்சம். திரும்புற ஒவ்வொண்ணும் கம்ப்யூட்டர்ல ஒரு புள்ளி, அத வெச்சு மரத்தோட உயரம் போடுவோம். மேகம் மூடிட்டா செயற்கைக்கோள் ரேடார் இருக்கு.

அப்புறம் கையில இந்த அளவு டேப்பு எதுக்குங்கறீங்களா? ஆளு போயி மரத்தச் சுத்தி அளந்தாத்தானே மேல எடுத்தது சரியான்னு தெரியும். நானும் வெர்னனும் பதினெட்டு வருஷம் அதத்தான் செஞ்சோம். வீட்டுக்காரர்தான். நான் ஒரு முனையப் புடிச்சுக்குவேன், அவரு மரத்துக்குப் பின்னாடி மறைஞ்சு அந்தப் பக்கமா வருவாரு. வந்ததும், இன்னும் இங்கதான் இருக்கியா லோர்னான்னு கேப்பாரு. ஒவ்வொரு மரத்துக்கும் கேப்பாரு, மனுசன்.

மூணு வருஷமாச்சு. காப்பி ஆறிப்போச்சுன்னு ஆரம்பிச்ச சண்டை. பிக்கப் வண்டிய எடுத்துட்டுப் போனவர்தான், திரும்பி வரல. போலீஸ் தேடிப் பாத்துச்சு. மலைக்கு அந்தப் பக்கம் ஆல்பர்ட்டாவுல எவகூடவோ இருக்காருன்னு எங்க ஊரு போர்ட் ஆல்பெர்னி முழுக்கப் பேச்சு. நானும் நம்பிட்டேன். கோவமா இருக்கறது சுலபம் பாருங்க. அவரு சட்டையெல்லாம் மூட்டை கட்டி தர்மத்துக்குக் குடுத்துட்டேன்.

அதுக்கப்புறம் காட்டுப் பக்கமே வரல. ஆபீஸ்ல உக்காந்து, லேசர் கொண்டுவந்த புள்ளிகள்ல மரமில்லாதத அழிக்கற வேலை. பறவை, மின்கம்பி, அது இதுன்னு. நாளைக்குப் பல ஆயிரம் மரம் பாப்பேன், ஒரு ஆளோட பேசியிருக்க மாட்டேன். அதான் உங்க லாரில ஏறினதுலேருந்து பேசியே உங்க காத அறுக்கறேன்.

போன வியாழக்கிழமை, திரையில, ஓடைப் பள்ளத்துல, செடார் மரங்களுக்கு அடியில, ஒண்ணு இருந்துச்சு. காட்டுல எதுவும் அவ்வளவு நேர்கோடா இருக்காது தம்பி. அழிக்கத்தான் கை போச்சு. அப்புறம் பாத்தா, முன்னால வண்டிக் கூரை, பின்னால தொட்டி. கூரை மேல ஏணி வெக்க அவரே வெல்டிங் வெச்ச இரும்புச் சட்டம்.

சொல்லிட்டேன், போலீசுக்குச் சொல்லிட்டேன். மழை விடட்டும், திங்கக்கிழமை வர்றோம்னாங்க.

உள்ள ஆளு இருக்காரான்னு லேசருக்குத் தெரியாதுங்க.

இந்த வளைவுல நிறுத்துங்க. இங்கேருந்து அந்தப் பள்ளத்துக்கு நாப்பது நிமிஷ நடைதான், எனக்குப் பழக்கம். என்ன, நீங்க எதுக்கு இறங்கறீங்க? லோடு காத்துக்கிட்டு இருக்குமே?

சரி, வாங்க. கிட்டப் போனதும் மட்டும் கொஞ்சம் நின்னுக்குங்க. நான் முன்னாடி போறேன்.