பாதி அறுந்த கேபிள்

அய்யோ, வேணாண்ணே, அந்தக் கல்லுல உட்காரச் சொல்லாதீங்க. உட்கார்ந்தேன்னா தூக்கி நிறுத்த உங்க மஞ்ச மெஷின்தான் வரணும். நீங்க சாப்பிடுங்க, மண்டாஸி இப்பத்தான் எண்ணெயில பொரிச்சது, சூடா இருக்கு. லஞ்சமா? லஞ்சம்னா நாலோட நிறுத்துவேனா?

என்னைத் தெரியலையா? நஃபுனா. மார்ச் மாசம் போன்ல உங்களைக் கிழிச்செடுத்தாளே ஒருத்தி, அவதான். மகோகா அண்ணே, இந்தக் காகமேகா டவுன்ல தோண்ட எத்தனையோ ரோடு இருக்க, உங்க மெஷினுக்கு எங்க கேபிள் மேல மட்டும் அப்படி என்ன ஆசை? மழைத்தண்ணி வாய்க்காலா? ஆமாமா, போன தடவையும் அதைத்தான் சொன்னீங்க.

இது சினிமா பாக்குற கேபிள் இல்லண்ணே. பிரசவ வலி வந்தவங்க போன்ல ஒரு பட்டனை அமுக்கினா, பக்கத்துல இருக்கிற ஆம்புலன்ஸ் கிளம்பும். அதுக்கான சர்வர் எங்க ஆபீஸ்லதான் ஓடுது. மொத்த ஏற்பாட்டையும் வரைஞ்சவ நானு. எல்லாமே ரெண்டு ரெண்டு. சர்வர் ரெண்டு, ஜெனரேட்டர் ரெண்டு, கேபிள் ரெண்டு. இது ரோட்டோரமா வருது, இன்னொண்ணு மலையைச் சுத்தி வருது. ஒண்ணு செத்தா மத்தது தானா எடுத்துக்கும். நல்லவேளை புருஷனை ஒண்ணோட விட்டியேன்னு எங்க வீட்டுக்காரர் கேலி பண்ணுவார்.

சிரிங்க, சிரிங்க. மார்ச்ல மட்டும் நீங்க ஒழுங்கா அறுத்திருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது! சத்தியமா. நீங்க எங்க அறுத்தீங்க? இழுத்து, மடிச்சு, அரை உசுரா விட்டுட்டுப் போனீங்க. என் புரோகிராம் நொடிக்கு நொடி கேபிளைக் கூப்பிடும், இருக்கியா, இருக்கியான்னு. பத்து தடவை கூப்பிட்டா ஒரு தடவை இருக்கேன்னுச்சு. அந்த ஒண்ணை நம்பிக்கிட்டு, சரி, உசுரோடதான் இருக்குன்னு மாறாமலே கிடந்துச்சு. நாப்பது நிமிஷம்ணே! நான் ஓடி வந்து கையால மாத்தினேன். அதுக்குள்ள ஒரு பொண்ணுக்கு மோட்டார் பைக் பின்சீட்லயே...

நல்லா இருக்காங்கண்ணே, தாயும் புள்ளையும். முகத்தை ஏன் தொங்கப் போடுறீங்க? தப்பு உங்களுது இல்ல. செத்தா என்ன பண்றதுன்னு யோசிச்சவ, சாகக் கிடந்தா என்ன பண்றதுன்னு யோசிக்கல. அவ்வளவுதான்.

இப்ப திருத்தியாச்சு. பத்துல மூணு பதில் வரலன்னாலே மாறிடணும். ஆபீஸ்ல கேபிளைப் பிடுங்கிப் பாத்தோம், அழகா மாறுச்சு. ஆனா அது முழுச் சாவு. உங்களை மாதிரி அரைகுறையாக் கொல்ல எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் கை வரலண்ணே.

அதான் வந்தேன். இழுங்க.

விளையாடலண்ணே. இந்தாங்க, மேனேஜர் கையெழுத்துப் போட்ட கடுதாசி. இந்த நீலக் குழாய்ல எங்க கேபிள் மட்டும்தான், வேற யாருக்கும் தொந்தரவில்ல. அறுந்த கேபிளை ஒட்டுறவர் அதோ, மரத்தடியில பெட்டியோட உக்காந்திருக்கார். அரை மணி நேரத்துக்கு ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் சாதா போனோட ஆள் நிக்குது.

இன்னிக்கே என்ன அவசரமா? மார்ச்ல கையால மாத்தினது யாரு? எல்லாத்தையும் ரெண்டா வரைஞ்சவ, என்னை மட்டும் ஒண்ணா விட்டுட்டேன் பாருங்க. இப்பத்தான் ரெண்டு பசங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டிருக்கேன், இன்னும் தடுமாறுறானுங்க. டாக்டரம்மா எனக்கு வியாழக்கிழமைன்னு தேதி குடுத்திருக்காங்க. வீடு அந்த மலைக்கு அந்தாண்ட. வலி எடுத்தா நானும் அதே பட்டனைத்தான் அமுக்கணும். அமுக்கிட்டு நானே ஓடி வந்து மாத்த முடியுமா, சொல்லுங்க.

ம், ஏறுங்க. மெதுவா. மார்ச்ல இழுத்தீங்களே, அதே மாதிரி. இன்னும் கொஞ்சம். ஆங், போதும், போதும்!

ஹலோ, ஆபீஸ் ஸ்கிரீனைப் பாருடா, நான் நொடி எண்றேன். ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... என்னடா, பேசு... அஞ்சு...

மாறிடுச்சாம்ணே.

எங்க, அந்தக் கல்லைக் காட்டுங்க. இப்ப உட்கார்றேன்.